அச்சில் வரக் கூடாத வரி

ஆகஸ்ட் 30, புதன்

கடைவாய்ப் பல் போயிற்று. ஐம்பத்து மூன்று வருடம் கூடவே இருந்தது. போகும்போது டாக்டரை ஒரு மணி நேரம் படுத்தி எடுத்துவிட்டுத்தான் போனது. பஞ்சைக் கடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

மதியத்துக்கு மேல் லீவு போட்டதால், கண் வங்கிக் கடிதத்தை அன்புக்கனியிடம் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. கண்தானம் கொடுத்த குடும்பத்துக்கு எங்கள் மருத்துவமனை அனுப்பும் நன்றிக் கடிதம். வழக்கமாக ஒரு மாதம் கழித்துத்தான் போகும். இது சுடலைமணி என்பவருக்கு. தீப்பெட்டி ஆபீசில் குச்சி எடை போடுகிற மனிதர். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவிக்குப் பதினாறாம் நாள் விசேஷம். சொந்தபந்தத்துக்கு முன்னால் வாசிக்க வேண்டும், அதற்குள் கிடைக்குமா என்று நேரிலேயே வந்து கேட்டார். கடிதப் பிரிவில் எனக்கு இருபத்தாறு வருடம். இப்படிக் கேட்டு வந்தவர் இவர் ஒருவர்தான்.

அன்புக்கனி வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நாற்பத்தொரு வயது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் பதினாறு வருடம் நின்றுகொண்டே இருந்தவள், கடையை மூடியதும் இங்கே வந்தாள். "உக்காந்து பாக்குற மொத வேலைக்கா இது" என்று முதல் நாளே சொன்னாள். மூன்று மாதம் தற்காலிகம். செப்டம்பர் கடைசியில்தான் நிரந்தரமா, வீட்டுக்கா என்று தெரியும்.

புது ஆட்களுக்கு நான் சொல்லும் மந்திரத்தை அவளுக்கும் சொன்னேன். "மாதிரிக் கடிதத்துல பேரையும் தேதியையும் மட்டும் மாத்து. வேற எதையும் தொடாத."

"எதையுமேவாக்கா?"

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

சிரித்தாள். நல்ல பிள்ளை, சொன்ன பேச்சு கேட்பாள்.

செப்டம்பர் 1, வெள்ளி

கஞ்சி. நேற்றும் கஞ்சி.

செப்டம்பர் 4, திங்கள்

காலை பத்து மணிக்குச் சுடலைமணி வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் நான்காக மடித்த எங்கள் கடிதம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தாயி, இது எனக்கு எழுதினதா, ஒங்களுக்குள்ள எழுதிக்கிட்டதா?"

வாங்கிப் பார்த்தேன். "தங்கள் மனைவி பேச்சித்தாய் அவர்களின் கண்கள் இருவருக்குப் பார்வை அளித்துள்ளன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." அதற்கு அடுத்த வரி இது: "பொருத்தாவிட்டால் மேலே உள்ள வரியை எடுத்துவிடவும். குடும்பத்துக்குச் சொல்ல வேண்டாம்."

மாதிரிக் கடிதத்தில் அச்செடுப்பவருக்காக இருக்கும் குறிப்பு அது. திரையில் சிவப்பாகத் தெரியும். அச்செடுக்கும் முன் எடுத்துவிட வேண்டும். எங்கள் பிரிண்டருக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. மற்ற வரிகளோடு சேர்த்து அதே கறுப்பில் அடித்துக் கொடுத்துவிட்டது. கண் வங்கி டாக்டரம்மா நாற்பது கடிதத்தில் ஒரே மூச்சாகக் கையெழுத்துப் போடுகிறவர். அவரும் பார்க்கவில்லை.

"எல்லாரும் பந்தியில இருக்காக. நா சத்தமா வாசிக்கேன். வாசிக்கிற வேகத்துல அந்த வரியையும் வாசிச்சுட்டேன் தாயி. பெறகுதான் என்னத்த வாசிச்சோம்னு புரிஞ்சிச்சு. கண்ண எடுக்க விடக் கூடாதுன்னு அன்னைக்கே ஒத்தக்கால்ல நின்னவன் என் மச்சினன். 'தோண்டி எடுத்துட்டு, சொல்ல வேண்டாம்னு வேற எழுதிருக்கானுவ பாரு'ன்னு சொல்லி, பாதிச் சாப்பாட்டுல இலைய மூடிட்டு எந்திரிச்சுப் போய்ட்டான்."

கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார். பிறகு கேட்டார். "அவ கண்ணு யாருக்காச்சும் வச்சாகளா, வைக்கலையா? அத மட்டும் சொல்லுங்க."

பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று அனுப்பினேன். அவர் படி இறங்கியதும் பதிவேட்டை எடுத்தேன். இரண்டு கருவிழியும் பொருத்தத் தகுதியில்லை, பயிற்சிக்கு அனுப்பப்பட்டது என்று இருந்தது.

மதியம் நிர்வாக அதிகாரி சங்கரலிங்கம் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். யார் அச்செடுத்தது என்று கேட்டார்.

"நாந்தான் சார்" என்றாள் அன்புக்கனி. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

"இந்தக் குறிப்ப யாரு எழுதி வச்சது?" என்று என்னைக் கேட்டார்.

"அது ரொம்பப் பழசு சார்" என்றேன்.

பொய் இல்லை. பழையதுதான்.

செப்டம்பர் 5, செவ்வாய்

பதினோரு நாள் கழித்துக் குடிதண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பி, கடைசியில் சாம்பார் வாளியையும் நிரப்பினேன். வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் என்று வந்து குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பிடும்போது ஆபீஸ் கதையைச் சொன்னேன். அந்த வரியையும் சொன்னேன். இவர் மோரை ஊற்றிக்கொண்டே, "சொல்ல வேண்டாம்ங்கிறது ஒன் வார்த்தையாட்டுல்லா இருக்கு" என்றார்.

வாயில் வலி இருந்ததால் பதில் சொல்லவில்லை.

செப்டம்பர் 6, புதன்

சார் முடிவு சொல்லிவிட்டார். சுடலைமணியிடம், கண் பொருத்தியாயிற்று, அந்த வரி தட்டச்சுப் பிழை என்று சொல்லி அனுப்ப வேண்டும். சொல்ல வேண்டியவள் நான். அன்புக்கனிக்கு மூன்று மாதத்தோடு சரி. இருபத்தொன்பதாம் தேதிக் கூட்டத்தில் கையெழுத்தாகும். இனிமேல் குறிப்பு எதுவும் அச்சில் வராதபடி மாதிரிக் கடிதங்கள் எல்லாவற்றையும் நான் சரி செய்ய வேண்டும்.

"நீங்க இருக்கப்போயி எனக்குக் கவல இல்ல ராஜபுஷ்பம்" என்று வேறு சொன்னார். ஜனவரியில் கண்காணிப்பாளர் நாற்காலி காலியாகிறது. அது எனக்குத்தான் என்று ஊருக்கே தெரியும்.

செப்டம்பர் 7, வியாழன்

கணினி பார்க்கும் ரபீக் வந்து ஒரு வித்தை காட்டினான். குறிப்பைத் தேர்ந்தெடுத்து, எழுத்துரு ஜன்னலைத் திறந்து, ஹிட்டன் என்ற கட்டத்தில் ஒரு டிக். அவ்வளவுதான். வரி மாயமாகிவிட்டது. மேலே பத்திக்குறிப் பொத்தானை அமுக்கினால் அடியில் புள்ளிக்கோடு போட்டுத் திரும்பி வருகிறது. அச்செடுத்தால் வெறும் கடிதம் மட்டும். குறிப்பு இருந்த தடமே இல்லை.

"வேல பாக்குறவகளுக்குத் தெரியும், வாங்குறவகளுக்குத் தெரியாதுக்கா" என்றான்.

இருபத்தாறு வருடமாக இது அந்த ஜன்னலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான்தான் சிவப்பு மையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். சாயங்காலத்துக்குள் ஒன்பது மாதிரிக் கடிதங்களை மாற்றிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அரைக் கிலோ கடலைமிட்டாய் வாங்கினேன், பல் இல்லாததை மறந்து.

செப்டம்பர் 8, வெள்ளி

சுடலைமணி வந்தார். அதிகாரி ஊரில் இல்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்றேன். அதிகாரி பக்கத்து அறையில்தான் இருந்தார், இருமுகிற சத்தம் கேட்டது. சுடலைமணிக்கும் கேட்டிருக்கும்.

"அரை நாள் சம்பளம் போச்சேன்னு இல்ல தாயி. ரெண்டுல எதுன்னு தெரியாம அவ படத்துக்கு வெளக்கு பொருத்த முடியல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 11, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் அன்புக்கனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புளிச்சாதமும் துவையலும். ஒரு வாரமாக நான் அவளோடு சரியாகப் பேசவில்லை என்பதையே காட்டிக்கொள்ளாமல், துவையலை எடுத்து என் தட்டில் வைத்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. கோபப்படுகிறவளாக இருந்தால் தேவலை.

கேட்டே விட்டேன். "அன்னைக்கு சார்ட்ட ஏன் நீ ஒண்ணுஞ் சொல்லல?"

"என்னத்தக்கா சொல்ல?"

"நா சொன்னத."

"நீங்க இருவத்தாறு வருசம், நா ரெண்டு மாசம். சொன்னா நம்பிருவாகளா?" பிறகு சிரித்தாள். "இன்னொண்ணும் இருக்கு. அந்தச் செவப்பு வரிய அன்னைக்கே பாத்தேன்க்கா. என்னமோ சரியில்லையேன்னு எடுக்கப் போனேன். எடுத்தா கைய ஒடிச்சிருவீகளேன்னு விட்டுட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அடுத்த கவளம் இறங்கவில்லை. பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டது, அதன்மேல் பழி போட வழியில்லை.

செப்டம்பர் 13, புதன்

மாதிரிக் கடிதங்களை வெவ்வேறு கணினியில் அச்செடுத்துப் பார்க்கச் சொன்னான் ரபீக். எங்கள் அறையில் சரியாக வந்தது. வரவேற்பிலும் சரியாக வந்தது. மூன்றாவதாக மருந்துக் கொள்முதல் அறைக்குப் போய் அச்செடுத்தேன். காகிதம் வெளியே வந்தது. "குடும்பத்துக்குச் சொல்ல வேண்டாம்" என்று அப்படியே கறுப்பாக அடித்திருந்தது.

மறைத்த எழுத்தையும் அச்சிடு என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறதாம். கொள்முதல் ஆட்கள் தங்கள் தேவைக்காக அதில் டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். ரபீக் எடுத்துவிட்டான். "அவுக திரும்பப் போட்டுக்குவாகக்கா. இங்க இருந்து நீங்க அச்செடுக்காம இருந்தாப் போதும்" என்றான்.

அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒரு டிக் இருந்தால் மறையும், இன்னொரு டிக் இருந்தால் வெளியே வரும். வெளியே வருவதில் என்ன தப்பு? வெட்கப்பட வேண்டிய வரியாக இருப்பதுதானே தப்பு.

எழுதிவிடுகிறேன். இந்த டைரியிலாவது. அது பழைய வரிதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு குடும்பத்தினர் வந்து, ஏன் பொருத்தவில்லை என்று கேட்டு என் மேஜைக்கு முன்னால் அழுதார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு முறை அப்படி ஒரு அழுகையைப் பார்க்கக் கூடாது என்று மறுநாள் காலை அந்த வரியைத் தட்டினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதியது நான். எதையும் தொடாதே என்று சொன்னதும் நான்.

செப்டம்பர் 14, வியாழன்

வேலைக்குப் போனேன். வந்தேன். சார் அறை வாசல் வரைக்கும் இரண்டு தடவை போனேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

காலையில் முதல் வேலையாக உள்ளே போனேன். எழுதியே கொண்டுபோனேன், வாய் குழறும் என்று தெரியும். ஒரு பக்கம். குறிப்பை எழுதியவள் நான், பேரையும் தேதியையும் தவிர எதையும் தொடாதே என்று உத்தரவு போட்டவளும் நான், அன்புக்கனி சொன்னபடி செய்தாள், நாலாம் தேதி நீங்கள் கேட்டபோது பாதிதான் சொன்னேன்.

சார் இரண்டு தடவை படித்தார். "இத எதுக்கு இப்ப கொண்டுட்டு வாறீங்க? அந்தப் பொண்ணே வாயத் தெறக்கல. ஜனவரிய நெனச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். பதினோரு நாளா அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"மெமோ வரும்."

"வரட்டும் சார்."

"நாற்காலி வராது."

இதற்கு உடனே வரட்டும் போகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த நாற்காலிக்கு மெத்தை தைக்கத் துணிகூட எடுத்து வைத்திருக்கிறேன். தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு இன்னொன்றையும் கேட்டேன். சுடலைமணியிடம் பொய் சொல்ல என்னால் ஆகாது, உண்மையை எழுதிப் புதுக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றேன். சார் பெருமூச்சு விட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். டாக்டரம்மா எதிர்முனையில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. அவர்களுக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாதாம். உண்மையைத்தான் எழுத வேண்டும், இன்றைக்கே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்து அன்புக்கனியிடம் சொன்னேன். அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி இல்லை, தரைதான்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுனீக?" என்று அழுதாள். நானும் அழுதேன். பிறகு இருவரும் முகத்தைக் கழுவிக்கொண்டு கடிதம் எழுத உட்கார்ந்தோம். மாதிரி இல்லாமல் வெறும் பக்கத்தில் எழுதினோம். ஆறு வரிக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று.

செப்டம்பர் 17, ஞாயிறு

இன்று சுடலைமணி வீட்டில் முப்பதாம் நாள் படையல். கடிதத்தோடு நானும் அன்புக்கனியும் போனோம். இனாம்மணியாச்சி ஊரைத் தாண்டி, தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. பதினைந்து பேர் இருந்தார்கள். மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்தான் மச்சினன் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

கடிதத்தை நீட்டினேன். சுடலைமணி வாங்கவில்லை. "நா ஒருக்க வாசிச்சுப் பட்டது போதும். நீங்களே வாசிங்க தாயி."

வாசித்தேன். பேச்சித்தாயின் கருவிழிகளை யாருக்கும் பொருத்த இயலவில்லை. அதை மறைத்து முன்பு எழுதியது எங்கள் தவறு. அந்தக் கண்கள் வீணாகவில்லை. கருவிழி அறுவைச் சிகிச்சை கற்றுக்கொள்ளும் இரண்டு மருத்துவர்கள் அவற்றில்தான் தையல் பழகினார்கள். நோயாளியின் கண்ணில் கை வைக்கும் முன் அந்தப் பாடம் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

வாசித்து முடித்து, கடிதத்தைப் பேச்சித்தாய் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

மச்சினன்தான் முதலில் பேசினார். "படிக்கிறதுக்கா எடுத்தாக?"

"ஆமா."

"டாக்டருமாரு படிச்சாகளா? எங்கக்காட்டயா?"

"ஆமாய்யா."

"அவ பள்ளிக்கூட வாசப்படியே மிதிச்சதில்ல" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, அவராகவே இலையை எடுத்து உதறிப் போட்டு உட்கார்ந்தார். சுடலைமணி அவருக்குச் சோறு வைத்தார். எங்களுக்கும் இலை போட்டார்கள். பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. எனக்கு வசவு விழும் என்று நினைத்துப் போனேன், இரண்டாம் தடவை அப்பளம் விழுந்தது.

கிளம்பும்போது பழைய கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். கொடுக்க மாட்டேன் என்றார் சுடலைமணி. "அந்த வரி வந்ததுனாலதான தாயி விசயம் தெரிஞ்சிச்சு. ரெண்டும் இருக்கட்டும்."

செப்டம்பர் 20, புதன்

கண் வங்கிக் கடித மாதிரியை முதலிலிருந்து திரும்ப எழுதினேன். பொருத்த முடிந்தால் ஒரு பத்தி, முடியாவிட்டால் ஒரு பத்தி, இரண்டில் ஒன்று கட்டாயம். அச்செடுப்பவருக்கான குறிப்புகளை ஹிட்டன் செய்துவிட்டேன். ஆனால் எழுதும்போது ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். தப்பித் தவறி அச்சில் வந்து, அந்தக் குடும்பம் பந்தியில் சத்தமாக வாசித்தாலும் நான் தலை குனியாத வரியாக இருக்க வேண்டும்.

கடைசிக் குறிப்பு மட்டும் நெடுநேரம் வரவில்லை. அன்புக்கனி பக்கத்தில் நின்று பார்த்தாள். "ஜெராக்ஸ் கடையில சாவு நோட்டீசு அடிக்கும்போது மொதலாளி, செத்தவுக பேர மட்டும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுவாருக்கா. தப்பிருந்தா காதுக்குத் தெரிஞ்சிரும்னு" என்றாள். அதையே எழுதினேன்.

"அனுப்பும் முன் இறந்தவரின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நமக்கு இது இந்த மாதத்தில் இருபதாவது கடிதம். அவர்களுக்கு இது ஒன்றே ஒன்று."

அதற்குக் கீழே, "தப்பாகத் தெரிந்தால் எதையும் தொடலாம்" என்றும் சேர்த்தேன். அன்புக்கனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

செப்டம்பர் 29, வெள்ளி

அன்புக்கனி நிரந்தரம். எனக்கு மெமோ. இரண்டு காகிதமும் ஒரே பிரிண்டரில் அடுத்தடுத்து வந்தன. இரண்டிலும் பிழை இல்லை, நான் சரி பார்த்தேன்.

மெத்தைத் துணியை அன்புக்கனியிடம் கொடுத்துவிட்டேன். உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறவள் அவள்தானே.

நவம்பர் 8, புதன்

எங்கள் பிரிண்டர் உயிரை விட்டது. தீபாவளிக்கு முன்னால் போக வேண்டிய கண் வங்கிக் கடிதங்கள் ஆறு. நான் பல் கட்டப் போயிருந்ததால் அன்புக்கனியே வேறு அறையில் அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, தபாலில் சேர்த்துவிட்டாள். கெட்டிக்காரி.

நவம்பர் 16, வியாழன்

மதியம் போன். எடுத்தது அன்புக்கனி. எதிர்முனையில் பேசிய பெண்ணின் குரல் என் மேஜை வரைக்கும் கேட்டது.

"நா எட்டயபுரத்துலருந்து பேசுறேன். ஒங்க கடுதாசி வந்துச்சு. அதுல அடியில என்னமோ சேத்து அச்சாயிருக்கே?"

அன்புக்கனியின் முகம் செத்துவிட்டது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "எந்த அறையில அச்செடுத்த?" என்று வாயசைத்துக் கேட்டேன். கொள்முதல் அறை என்று கையைக் காட்டினாள்.

போனை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. "ஆமாம்மா. அது எங்களுக்குள்ள எழுதி வச்சது. தெரியாம வந்துருச்சு. மன்னிச்சிருங்க" என்றாள்.

எதிர்முனையில் காகிதம் சரசரத்தது.

"அது இல்ல" என்றது குரல். "பேர வாய்விட்டுப் படிக்கணும்னு போட்டிருக்கே. எங்கப்பா பேர அங்க யாராச்சும் படிச்சீகளா?"

"நாந்தாம்மா படிச்சேன்."

"நெசமாவா?"

ஆறு கடிதத்தில் எட்டயபுரத்துக்குப் போனது ஒன்றுதான். அன்புக்கனி எந்தக் காகிதத்தையும் பார்க்கவில்லை. "கொண்டல்சாமி" என்றாள். "ஒங்கப்பா பேரு கொண்டல்சாமி. ரெண்டு தடவ படிச்சேன்."

அந்தப் பெண் வெடித்து அழுதது எனக்கும் கேட்டது. அன்புக்கனி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எந்த அழுகைக்குப் பயந்து ஒளிந்தேனோ, அதே அழுகைதான்.

கொள்முதல் அறைக் கணினியில் அந்த டிக்கை எடுக்கச் சொல்லி ரபீக்கிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.